குறையில்லாத ஒன்பது உதிரிகள்

தில்லை அண்ணை காலமான செய்தி மார்ச் மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு எனக்குக் கிடைத்தது. ஏழரை என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள், அது தவறு. அவருடைய மனைவி பவளம் அக்கா தொலைபேசியில், "அண்ணை நித்திரையிலேயே போயிட்டார்" என்றார். நான் கேட்ட முதற் கேள்வியை எழுத வெட்கமாக இருக்கிறது. "அப்ப சனிக்கிழமைச் சோதனை?" என்றேன். அக்கா கோபிக்கவில்லை. "அதைப் பற்றி ஒண்டும் சொல்லாமல்தான் போனவர்" என்றார்.

ஜெர்மனியின் ஹம் நகரத் தமிழராகிய நீங்கள் அவரைத் திருகாணித் தொழிற்சாலையின் தர ஆய்வாளராக அறிவீர்கள். சட்டைப்பையில் வேர்னியர் அளவியுடன் கலியாணவீட்டுக்கு வந்து, பந்தியில் வடையின் துளையை அளந்தவர் அவரே. ஆனால், இங்குள்ள துப்பாக்கி சுடும் கழகமொன்றில் நாங்கள் இருவர் மட்டுமே தமிழர் என்பதைப் பலர் அறியமாட்டீர்கள். அறிந்த ஒருவர் கோயில் வாசலில் அவரை மறித்து, "துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனீங்கள், இஞ்ச ஆசைப்பட்டுச் சுடுறியளோ?" என்று கேட்டார். அண்ணை நிதானமாகச் சொன்னார்: "ஓம். இஞ்ச கடதாசியைத்தான் சுடுறம். கடதாசி திருப்பிச் சுடாது."

எங்கள் இருவரிடமும் ஒரே வகை அரைத்தானியங்கித் துப்பாக்கி இருந்தது. ஒரு தோட்டா பாய்ந்ததும் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். விசையை மட்டும் ஒவ்வொரு முறையும் நாம் இழுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் வெவ்வேறு நிறுவனங்களின் உதிரிப்பாகங்களைப் பூட்டி, நூறு மீற்றரில் ஐந்து தோட்டாக்கள் சுட்டு, துளைகளின் பரவலை அண்ணை அளப்பார். நான் திகதியுடன் குறிப்பேட்டில் எழுதுவேன். விசை, சுருள்வில், தோள்கட்டை, தொலைநோக்கி ஆகியவற்றையே மாற்றினோம். குழலும் பூட்டும் அனுமதிப்பத்திரத்தில் பதிவானவை, அவற்றில் கைவைக்கவில்லை. நிறுவனங்களின் பெயரை இங்கு எழுதுவது முறையன்று. பச்சைப் பெட்டிக்காரர், சாம்பல் பெட்டிக்காரர் என்றே குறிப்பிடுகிறேன்.

பச்சைப் பெட்டியின் விசை வெண்ணெய்போல் இழுபடும். சாம்பல் பெட்டியின் விசை கடினமானது. ஆயினும் நூறு முறை இழுத்தாலும் அதே கடினம். நான் பச்சையை மெச்சினேன். "மென்மை வேற, ஒழுங்கு வேற தம்பி. பெட்டியைப் பாராதையும், துளையை அளந்து பாரும்" என்றார் அண்ணை. எனக்கு எழுபத்தொரு வயது. அவரைவிடப் பதினொரு மாதமே இளையவன். ஆயினும் கடைசிவரை தம்பிதான்.

முந்தைய ஆண்டு செப்டெம்பர் முதலாம் சனிக்கிழமையிலிருந்து என் துளைகள் பரவத் தொடங்கின. ஐந்து சென்ற் நாணயத்துக்குள் அடங்கியவை தேநீர்த் தட்டளவுக்கு விரிந்தன. கழகத்தின் சூட்டுப் பொறுப்பாளர் டீட்டர், மூடிய மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்து, "இன்றைக்கு உள்ளேயும் காற்று அடிக்கிறதோ?" என்று ஜெர்மனில் கேட்டார். முதியோர் அணியில் இருந்த என் இடம் ஆட்டம் கண்டது. கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர் அதற்கு முன்பே, கண் மருத்துவரிடம் போகும்படி என்னிடம் சொல்லியிருந்தார். அவருடன் சண்டையிட்டுவிட்டு வந்தவன் நான். கண் பழுது என்று எழுத்தில் வந்துவிட்டால் அணியிலிருந்து என் பெயர் போய்விடும் என்று அஞ்சினேன்.

அண்ணை என் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "நீர் சுடுறது சரி தம்பி. பச்சைப் பெட்டி வில்லிலதான் பிழை. கழற்றித் தாரும், திருப்பி அனுப்புவம்."

இரண்டு வாரத்தில் மாற்று வில் தந்தார். துளைகள் அடங்கவில்லை. அடுத்து விசையில் பிழை, பிறகு தோள்கட்டையில் பிழை. அதே பச்சைப் பெட்டி வில் அவருடைய துப்பாக்கியில் ஒழுங்காக இயங்கியதே என்று கேட்டேன். "என்ட துவக்கு என்ட மனிசி மாதிரி, எந்தப் பிழையையும் பொறுக்கும்" என்றார். நான் நம்பினேன். பச்சைப் பெட்டிக்காரரை மூன்று கலியாணவீடுகளிலும் ஒரு பூப்புனித நீராட்டு விழாவிலும் கண்டித்துப் பேசினேன். கழக அறிவித்தல் பலகையில் நான்கு பக்கக் கட்டுரையும் ஒட்டினேன்.

ஒன்பதாவது உதிரியை வாங்கிச் சென்றபோது என் பிறந்த திகதியையும் காப்புறுதி இலக்கத்தையும் கேட்டார். "வில்லுத் திருப்பி அனுப்ப அதெல்லாம் வேணுமோ?" என்றேன். "படிவத்தில கேக்கிறாங்கள்" என்றார். ஜெர்மனியில் ஒரு படிவம் எதைக் கேட்டாலும் வியப்பதற்கில்லை, கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு மறுநாள் பவளம் அக்கா என்னை அழைத்தார். "கெல்லருக்குள்ள உங்கட சாமான் கிடக்கு. எடுத்துக்கொண்டு போங்கோ."

நிலவறைத் தட்டில் ஒன்பது பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நான் கழற்றிக் கொடுத்த உதிரி. ஒவ்வொன்றின் மேலும் அவருடைய கையெழுத்தில் ஆய்வுச்சீட்டு: பொருள், திகதி, அளவு, நிலை. ஒன்பதிலும் நிலை "குறையில்லை" என்றே இருந்தது. எதுவும் திருப்பி அனுப்பப்படவில்லை. மாற்றாக வந்தவை அனைத்தும் அவரே வாங்கியவை. வாயால் ஒன்பது பொய் சொன்ன மனிதருக்கு, சீட்டில் ஒரு பொய் எழுத ஏலாமற் போயிருக்கிறது.

"அப்ப எனக்கேன் சொல்லேல்லை?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"சொன்ன கண்ணாடிக்கடைக்காரனுக்கு என்ன நடந்தது? அவன் இன்னும் உங்களைக் கண்டால் உள்ளுக்கை போறானாம்."

பத்தாவதாக ஒரு சிறு பெட்டியும் இருந்தது. அதற்குள் உதிரி இல்லை. கண் மருத்துவர் ஒருவரைச் சந்திக்க நாள் குறித்த டெர்மின் அட்டை, என் பெயரில், என் பிறந்த திகதியுடன். மே மாதத்துக்கான அந்த டெர்மினை அண்ணை ஜனவரியிலேயே எடுத்திருந்தார். சீட்டில் "பொருள்: தம்பியின் வலது கண்" என்று எழுதியிருந்தது.

டெர்மினுக்குப் பிந்துவது என் வழக்கமன்று. பதினைந்து நிமிடம் முன்னதாகவே போனேன். கண்புரை என்றார் மருத்துவர். ஜூன் மாதம் சத்திரசிகிச்சை முடிந்தது. சென்ற சனிக்கிழமை, நான் பழித்த முதலாவது வில்லைப் பூட்டிச் சுட்டேன். டீட்டர் கூரையைப் பார்க்கவில்லை.

ஆகவே, பச்சைப் பெட்டிக்காரரைப் பற்றி மேற்படி நான்கு விழாக்களில் நான் கூறியவை அனைத்தையும் இதன்மூலம் மீளப் பெற்றுக்கொள்கிறேன். விசை பற்றி அண்ணை சொன்ன "மென்மை வேற, ஒழுங்கு வேற" என்பதைத் தவிர. ஒன்பது உதிரிகளையும் கழகத்துக்குக் கொடுத்துவிட்டேன். பத்தாவது பெட்டியின் சீட்டை மட்டும் வைத்திருக்கிறேன். அதில் "நிலை" என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அரைகுறையாக நிரப்பிய படிவம் எதையும் நான் வீட்டில் வைத்திருந்தவனல்லன். பேனாவை இருமுறை எடுத்தேன். ஆய்வு செய்தவரே எழுத வேண்டும் என்பது அவருடைய விதி. அப்படியே இருக்கட்டும்.