எங்கள் கூடத்தில் பறந்தவர்கள்

வாய் மூடாத குழந்தை என்று ஸ்ரீவராகம் தெரு முழுக்க எனக்குப் பெயர். அந்த வாயை வைத்துத்தான் இன்றைக்கு வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீலாக என் பிழைப்பு நடக்கிறது. ஆனால் எட்டு வயதில் அதே வாய் அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சரித்திரம்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. பள்ளிக்கூட நாளிலிருந்தே கையில் பென்சிலோடு திரிந்தவள். பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டு ஓவியரின் படப்புத்தகம் அவளுக்குக் கிடைத்தது. அதில் ஒரு பக்கத்தைக் கத்தரித்து, சாலைக் கடைத்தெருவில் சாமிப்படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்துக் கண்ணாடி போட்டு, எங்கள் கூடத்தில் மாட்டிவிட்டாள். ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் அணைத்தபடி வீடுகளுக்கு மேலே பறந்துகொண்டிருப்பார்கள். மூலையில் ஓர் ஆடு, அது பாட்டுக்குப் பச்சை நிறத்தில். வெள்ளிக்கிழமைகளில் மற்றப் படங்களோடு அதற்கும் அம்மா சந்தனம் வைப்பாள். "ஆகாசத்துல இருக்கறவா யாரா இருந்தா என்ன, ரெண்டு சொட்டுச் சந்தனம் இருக்கட்டும்" என்பது அவள் கட்சி.

அந்த வருஷம் அத்தைக்கு ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதே வாரம் நாகர்கோவிலிலிருந்து ஒரு வரனும் வந்தது. ஜாதகம் அம்சமாகப் பொருந்திவிட்டது. எங்கள் வீட்டில் பெரியப்பா சொன்னதுதான் சட்டம். "இது அமைஞ்சா காலேஜ் எதுக்கு? அமையலேன்னா போகட்டும்" என்று ஒரே வாக்கில் தீர்த்துவிட்டார். அத்தை அழுது பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

தினமும் சாயங்காலம் அந்த ஓவியரின் கதையைச் சொல்வாள். சொன்னதோடு விடாமல் என்னைத் திருப்பிச் சொல்லவும் வைப்பாள். ஒரு வரி விட்டுப்போகக் கூடாது. "மீனை முழுங்கிட்டியேடி, முதல்லேர்ந்து சொல்லு" என்பாள். பெரியவர்களே தப்பாகச் சொன்னாலும் மரியாதையாகத் திருத்த வேண்டும் என்றும் சொல்லிவைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாயைத் திறந்தாலே "மிண்டாம இரு, பேசாம இரு" என்று எல்லோரும் விரட்டுகிற வீட்டில், பேசு பேசு என்று ஒருத்தி கேட்டால் சும்மாவா!

பெண் பார்க்க வந்த அன்று நல்ல மழை. பெரியப்பா காலையிலேயே படத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினால் சுவரில் சதுரமாக வெள்ளை தெரியுமே என்று அத்தை தயங்கினாள். அதுவும் சரிதான் என்று, அதே ஆணியில் மளிகைக் கடையின் பெரிய காலண்டரை மாட்டினார். குருவாயூரப்பனுக்குப் பின்னால் தம்பதிகள் அடங்கிப்போனார்கள்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சொஜ்ஜித் தட்டோடு வந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் மின்விசிறியை ஐந்தில் வைத்தாள். "பொண்ணுக்கு என்ன பதவிசு பாருங்கோ!" என்று மாப்பிள்ளையின் அம்மா பூரித்தாள். பெரியப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

காலண்டர் படபடத்தது. இன்னும் கொஞ்சம் படபடத்தது. பிறகு ஆணியை விட்டுக் கிளம்பி, நேரே சொஜ்ஜியில் போய் விழுந்தது.

சந்தனப் பொட்டோடு பறக்கிறவர்களை மாப்பிள்ளையின் அப்பா அண்ணாந்து பார்த்தார். "இது எந்த ஸ்வாமி?"

"கந்தர்வாள்" என்றார் பெரியப்பா, கொஞ்சமும் கூசாமல்.

எனக்கா பொறுக்கும்? "இல்லை பெரியப்பா, அவர் யூதர்" என்று எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். பனி கொட்டுகிற தேசத்தில் மர வீடுகள் உள்ள ஊர். ஏழைக் குடும்பம். அப்பாவுக்கு மீன் கடையில் வேலை. உப்பு மீன் பீப்பாய் தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் மீன் வாசனை. அந்த வீட்டுப் பிள்ளை, படம்தான் வரைவேன் என்று ஒற்றைக் காலில் நின்று பட்டணம் போனார். பிடித்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். சந்தோஷம் தாங்காமல் தங்கள் இருவரையுமே பறக்கவிட்டு வரைந்தார். பிறகு யூதர்களைத் தேடித்தேடிக் கொன்ற காலம் வந்தது. உயிர் பிழைக்கக் கப்பல் ஏறினார்கள். போன இடத்தில் மனைவி செத்துப்போனாள். படங்களையெல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு, மாதக்கணக்கில் அவர் தூரிகையைத் தொடவில்லை.

மீனிலேயே மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டாள். மனைவி செத்த இடத்தில் காதைப் பொத்திக்கொண்டாள். நல்ல காரியம் பேசுகிற இடத்தில் சாவுப் பேச்சா! "மிண்டாம இருடீ!" என்று பெரியப்பா பல்லைக் கடித்தார். மாப்பிள்ளை ஒருத்தர்தான், "அப்புறம் அவர் வரையவே இல்லையா?" என்று கேட்டார்.

"வரைஞ்சார் மாமா. அப்பவும் அவளைப் பறக்கவெச்சுதான் வரைஞ்சார்."

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். நல்ல மனுஷர், எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பொருந்திய ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். பெரியப்பா என்னைத் திட்டிய திட்டு கோவில் குளம் வரைக்கும் கேட்டிருக்கும். அத்தையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அத்தை என்னைத் தேடிப்பிடித்து, கிழக்கேகோட்டைக்கு அழைத்துப்போய், கலர் பென்சில் பெட்டி வாங்கித் தந்தாள். "நீ நன்னா இருக்கணும்டி, கேட்டியா?" என்று பஸ் ஸ்டாண்டு ஜனங்கள் பார்க்கக் கட்டிக்கொண்டாள். பாவம், வரன் தட்டிப்போன துக்கத்திலும் எனக்கு ஆறுதல் சொல்கிறாளே என்று இன்னும் பெரிதாக அழுதேன்.

பெரியப்பா சொன்ன சொல் மாறவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அத்தை கல்லூரிக்குப் போனாள். இன்றைக்கு அவள் படங்களை ஊர் ஊராகக் கூப்பிட்டு மாட்டுகிறார்கள். போன மாதம் எனக்கென்று ஒன்று வரைந்து கொண்டுவந்தாள். எங்கள் பழைய கூடம். பெரியப்பா, அம்மா, சொஜ்ஜித் தட்டு, பச்சை ஆடு எல்லாம் அந்தரத்தில். பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் மட்டும் தரையில் நின்று வாயைத் திறந்திருக்கிறாள். சுவரோரம் மின்விசிறியின் குமிழ். அது ஐந்தில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மழையில் யாருக்கு வேர்க்கும்? மாப்பிள்ளை துடைத்தது மழைத் தண்ணீரை. எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன், இது தெரியவில்லையே எனக்கு!

"அத்தை, நீயா?" என்றேன்.

"பின்னே? அந்தக் கூடத்துல எனக்கு வாய் ஏதுடி? உன் வாயை இரவல் வாங்கிண்டேன்" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

எனக்குக் கோபமே வரவில்லை. பெரியவர்கள் நடுவில் எழுந்து நின்று, நடுவில் நிறுத்தாமல் ஒரு கதையை முடிக்கலாம் என்று எனக்குக் காட்டியவள் அவள்தானே. அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த வீட்டில் மிண்டாமல் இருக்கச் சொல்லப்பட்டவள் நான் ஒருத்தி மட்டும்தான் என்று எட்டு வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.