ராக்கம்மாள் கைப் போணி

தரணீதரன் கடையை விற்றுவிட்டான் என்று நல்லூரே சொன்னது. ராக்கம்மாள் மட்டும் நம்பவில்லை. விற்றவன் முகம் அப்படியா இருக்கும்? பெயர்ப்பலகையைக் கழற்றுகிற அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், "ஆணி வளையாமப் பாத்துக் கழட்டுங்க" என்று வேலையாளிடம் சொன்னான். கடையே போன பிறகு ஆணி எதற்கு? இது வேறு எங்கோ மாட்டப்போகிற பலகை என்று அப்போதே அவள் மனம் சொன்னது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை, பிழைப்பு அப்படி. மானாமதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூர் வந்தவள், அன்றிலிருந்து இன்றுவரை பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பீஸை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ விட்ட தையலோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். பகல் முழுக்கக் குற்றம் தேடிச் சம்பளம் வாங்கிய கண், வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்ளுமா என்ன? கணவன் பெரியகருப்பன் நூல் குடோனில் லோடுமேன். பாவம், அந்த மனுஷன் ஒருநாள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிட்டால் போதும். "என்ன, எங்க போயிட்டு வாரீக?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

இப்படிப்பட்ட ராக்கம்மாளுக்கு உலகத்திலேயே சந்தேகம் வராத பொருள் ஒன்றுதான் இருந்தது. அது அவளுடைய வலது கை.

தரணீதரன் சேவூர்க்காரன். தோட்டத்தில் ஒரு துண்டை விற்று நல்லூரில் 'ரங்கா சூப்பர் மார்க்கெட்' போட்டபோது, முதல் வாரம் முழுக்கக் கடையில் ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் காலையில் கம்பெனிக்குப் போகிற வழியில் ராக்கம்மாள் உள்ளே ஏறி ஒரு பாக்கெட் கல்லுப்பு வாங்கினாள். அன்றைக்கென்று பார்த்துக் கடையில் நிற்க இடமில்லாமல் கூட்டம். அன்று சனிக்கிழமை, ஊரெல்லாம் வாரச் சம்பளம் வாங்கின நாள் என்பதை யார் யோசித்தார்கள்? தரணீதரன் யோசிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவளைத் தெருமுனையில் கண்டதுமே, "வாங்க்கா, உங்க கையால ஒரு போணி பண்ணீட்டுப் போங்க" என்று வாசலுக்கே வந்துவிடுவான். அவள் வருகிறவரைக்கும் வேறு யாருக்கும் பில் போட மாட்டான். மற்றவர்கள் போனில் காசு போடலாம், போணிக்கு மட்டும் அவள் கையிலிருந்து ரொக்கம் வர வேண்டும்.

போணிக்கு ஒரு முறை இருக்கிறதல்லவா? முதல் வியாபாரத்தில் பேரம் பேசக் கூடாது, கடன் சொல்லக் கூடாது, வாங்கினதைத் திருப்பிக் கொண்டுவந்து நிற்கக் கூடாது. ராக்கம்மாள் இதைச் சத்தியமாக நினைத்துக் காப்பாற்றினாள். ஒருமுறை உப்போடு சேர்த்து வாங்கிய ரவையில் வண்டு ஊர்ந்தது. வாயைத் திறக்காமல் சலித்து உப்புமா கிண்டிவிட்டாள்.

"கம்பெனியில ஒத்தை நூல் பிரிஞ்சாலே ஸ்டிக்கர் ஒட்டுறவ, இம்புட்டுப் பெரிய வண்டுக்கு ஒட்ட மாட்டியா?" என்று கேட்டான் பெரியகருப்பன்.

"அது போணிப் பொருளுங்க. பேசாமத் தின்னுங்க."

கடை ஓடியது, அவள் பேரும் ஓடியது. தெருவில் யாராவது புதுத் தையல் மிஷின் இறக்கினால், முதல் சுவிட்சை ராக்கம்மாள் போட வேண்டும். பெண்ணுக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் அவளிடம் ஒரு ரூபாய் வாங்கி முடிந்துகொண்டு போவார்கள். ஊர் விட்டு ஊர் வந்து, வாடகை வீட்டில் குடியிருந்து, சாதிசனம் இல்லாத தெருவில் அவளுக்கென்று கிடைத்த சொத்து அந்த மரியாதை ஒன்றுதான். அது போனால் அவள் வெறும் செக்கிங் அம்மா.

அப்புறம் மெயின் ரோட்டில் பெரிய கடை ஒன்று வந்தது. பைக் பையன்கள் வெங்காயத்தைக்கூட வீட்டுக் கதவில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரங்காவில் சோப்பு அடுக்கு நிறைந்திருப்பதுபோலத்தான் தெரிந்தது. ராக்கம்மாள் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். முன்னால் ஒரு வரிசை, பின்னால் காலி. அடுத்த மாதமே கடை கை மாறியது.

வாங்கினவர் லிங்கசாமி. அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருந்த குடும்பம். பெயிண்ட் அடித்து 'அன்னம் மார்ட்' என்று பலகை மாட்டினார். திறப்புக்கு முந்தின நாள், இதுவரை ராக்கம்மாள் வீட்டு வாசலை மிதிக்காத தரணீதரன் வந்து நின்றான்.

"ஏனுங்க்கா, லிங்கசாமியண்ணங்கிட்டச் சொல்லீருக்கேனுங்க. அங்கயும் நீங்கதான் தெனமும் மொதப் போணி பண்ணோணும். புதுசா வர்றவரு பாவம், நல்லா இருக்கட்டுமுங்க."

"அதுக்கென்ன தம்பி, பண்ணுறேன்" என்று அனுப்பிவைத்தாள். அவன் வண்டி முனை திரும்பியதும் கணவனிடம் திரும்பினாள். "ஆத்தி! கருவேப்பிலை கொசுறு கேட்டா மூஞ்சியத் திருப்புறவன். கடைய வாங்கினவன் மேல இவனுக்கு என்ன இம்புட்டுப் பாசம்?"

"நல்லது சொன்னாலும் உனக்குச் சந்தேகமா?" என்றான் பெரியகருப்பன்.

சந்தேகம்தான். ஆனாலும் வழக்கத்தை விடாமல் அன்னம் மார்ட்டில் தினமும் உப்பு வாங்கினாள். லிங்கசாமி இரண்டு கையையும் நீட்டி அவள் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவளுக்கு மனசு நிறைந்துபோகும்.

மழைக்காலம் தொடங்குமுன் அடுத்த தெருவிலேயே அந்தப் பழைய பலகை ஒரு 'நியூ' சேர்த்துக்கொண்டு மேலேறியது, 'நியூ ரங்கா' என்று. ஆணி எதற்கென்று அவளுக்கு இப்போது தெரிந்தது. கடை தரணீதரனின் மனைவி அனுப்பிரியா பெயரில். பில் போடுகிற இடத்திலும் அவள்தான்.

கோபம் இருந்தாலும் பழகின பாசம் விடவில்லை. அன்னம் மார்ட் திறக்குமுன்னே இங்கே ஒரு போணி பண்ணிவிட்டுப் போகலாம் என்று ஒருநாள் காலையில் நேரே உள்ளே போய் உப்புப் பாக்கெட்டை எடுத்து வைத்தாள். அனுப்பிரியா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டரு இன்னும் ஆனாகலீங்க்கா. சித்த இருங்க" என்றாள். அதே நேரம் உள்ளேயிருந்து தரணீதரன் வந்தான். அவன் கையிலும் ஒரு உப்புப் பாக்கெட். ஆனாகாத கம்ப்யூட்டர் அதற்கு மட்டும் 'பீப்' என்றது. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து மனைவியிடம் கொடுத்தான். அவள் வாங்கிக் கல்லாவில் போட்டாள்.

"வாங்க்கா, இப்ப ஆயிருச்சுங்க."

தன் கடையில், தன் காசில், தானே உப்பு வாங்குகிறான்! அவள் கை முதலில் படக் கூடாதென்றா? ஆனால் ஒரே பார்வையில் பீஸைத் தள்ளிவிடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. இன்னொருமுறை திருப்பிப் பார்த்துவிடுவோம் என்று, மறுநாள் பக்கத்து வீட்டு விஜயராணியையும் கூட்டிக்கொண்டு, ஷட்டர் தூக்குவதற்கு முன்னேயே போய் நின்றாள். விஜயராணி சாத்தூர்க்காரி, அதே கம்பெனியில் டெய்லர், வாயும் மிஷின் வேகத்தில் ஓடும். பால் வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் பின்னால் நின்றார்கள்.

ஷட்டர் தூக்கியதும் ராக்கம்மாள் உப்பையும் காசையும் ஒன்றாக வைத்தாள். அனுப்பிரியா கணவனைப் பார்த்தாள். தரணீதரன் கூட்டத்தைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க சித்தத் தள்ளி நில்லுங்க. அந்தப் பால் பாக்கெட்ட மொதல்ல போடு அனு."

"ஏன், வரிசையில அக்காதான முன்னால நிக்காக?" என்றாள் விஜயராணி சத்தமாக.

"போணி பண்ணுய்யா தம்பி" என்றாள் ராக்கம்மாள். "இத்தன வருசம் நீ வாசலுக்கு வந்து கூப்பிட்ட கைதான."

தரணீதரன் முகம் வேர்த்துவிட்டது. "என்னைய இக்கட்டுல உடாதீங்க்கா. ஒரு கடை போயிருச்சுங்க. இன்னொருக்கா என்னால தாங்க முடியாதுங்க."

சொல்லிவிட்டான். பால் வாங்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப என் கையாலதான் உன் கடை போச்சு. சரி, இருக்கட்டும்" என்றாள் ராக்கம்மாள். "அப்பேர்ப்பட்ட கைய எதுக்குய்யா லிங்கசாமி கடைக்கு நீ அனுப்பி வச்ச? தெனமும் போகணும்னு எதுக்கு வீடு தேடி வந்து சொன்ன?"

அவன் பால் பாக்கெட்டைத் தானே எடுத்து மனைவி முன்னால் நகர்த்தினான். அடப்பாவி, அந்தக் கடையும் நொடிக்கட்டும் என்றுதானே!

அன்று கம்பெனியில் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஓட்டை விழுந்த பீஸ்கள் அவள் கையைத் தாண்டிப் போய் சூப்பர்வைசரிடம் மாட்டின. தரணீதரன் மேல் இருந்த ஆத்திரம் மத்தியானத்துக்குள் வடிந்துவிட்டது. அதற்கு அப்புறம் வந்ததுதான் பொல்லாதது. தான் சுவிட்சுப் போட்ட மிஷின்களை நினைத்தாள். அவள் தெருவிலேயே அருள்குமாரின் தையல் யூனிட் மூடிக் கிடக்கிறது. முனீஸ் வீட்டுப் பவர் டேபிள் தையல் மிஷின் விலைக்குப் போய்விட்டது. ஊரில் எத்தனையோ யூனிட் மூடத்தான் செய்தது, அவள் தொடாததும் மூடியது. அது புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் கண் வலது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தது. இதையும் சந்தேகப்பட வேண்டியதாகிவிட்டதே என்று அழுகை முட்டியது.

லிங்கசாமியிடம் சொல்வதா, விடுவதா? வாயை மூடிக்கொண்டால் அந்த ஒரு கடையிலாவது மரியாதை மிஞ்சும். ஆனால் ஒருவேளை, ஒரே ஒருவேளை, கை சரியில்லாமல் இருந்தால்? கண்ணில் ஒற்றிக் காசு வாங்குகிற மனுஷன் அவர்.

சாயங்காலம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தரணீதரன் எதற்காகத் தன்னை அனுப்பினான் என்பது உட்பட. லிங்கசாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, போங்க்கா! இதெல்லாம் ஆருங்க நம்புவாங்க? பெரிய கடை வந்துச்சு, அவனுக்கு யாவாரம் படுத்துருச்சு. அதுக்கு உங்க கை என்ன பண்ணுமுங்க? நாளைக்கும் நீங்கதான் போணி, மறந்தராதீங்க."

வீட்டுக்கு வந்து பெரியகருப்பனிடம், "இவுகளும் இந்த ஊருக்காரவுகதான. மனுசன்னா இப்படியில்ல இருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் தலைக்கு ஊற்றி, நல்ல சேலை கட்டிக்கொண்டு அன்னம் மார்ட் படியேறும்போதே உள்ளேயிருந்து 'பீப்' என்று கேட்டது. லிங்கசாமி பில் போடுகிற இடத்திலிருந்து திரும்பினார். அவர் கையில் ஒரு உப்புப் பாக்கெட் இருந்தது.

"வாங்க்கா, வாங்க..." முகத்தில் சிரிப்பு ஒட்டவில்லை. "ஊட்டுல உப்புத் தீந்துபோச்சுன்னு சொன்னாங்க. அதாங்க."

ராக்கம்மாள் அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லா இருங்கய்யா" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். போகவில்லை. கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, காலை நேரத்தில், பொருளைத் திருப்பிப் பார்த்து எடுத்தாள். பருப்புப் பாக்கெட்டில் தேதி பார்த்தாள். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து இரண்டைத் தள்ளினாள். ரவைப் பாக்கெட்டை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கைப்பையைத் துழாவி, அதில் எப்போதும் கிடக்கிற கம்பெனி ஸ்டிக்கர் தாளிலிருந்து சிவப்பாக ஒன்றைப் பிய்த்து, வண்டு ஊர்ந்த இடத்தில் அழுத்தி ஒட்டி, லிங்கசாமி முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"இதுல வண்டு இருக்கு. வேற குடுங்க. தேங்காய்க்கு அங்க அட்டையில ஒரு வெல எழுதியிருக்கு, பில்லுல வேற வெல வருதான்னு பாத்துப் போடுங்க. கொஞ்சம் கருவேப்பிலையும் வைங்க."

"அக்கா, காலங்காத்தால..." என்று இழுத்தார் லிங்கசாமி.

"அதான் போணி ஆயிருச்சே, இனி எனக்கென்ன?" என்றாள் ராக்கம்மாள். "ரவைய மாத்துங்க, கம்பெனிக்கு நேரமாச்சு."