தானே பூட்டிக்கொண்ட பெட்டி

கதை விடுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஓக்லஹோமாவில் எங்கள் வீட்டுச் சுவரில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. பேயைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நான் செய்ததைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. என் மனைவி தெல்மாவுக்கே இதைப் படித்தால்தான் உண்மை தெரியும்.

ஞாயிறுதோறும் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு சர்ச் வாசலில் காவல் நிற்பவர்களில் நானும் ஒருவன். புதிதாக வருகிறவர்களுக்குத் துப்பாக்கியைக் கையாளச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். பெரிய வாத்தியார்! என் வீட்டிலோ அது குண்டு போட்டபடியே டிராயரில் கிடக்கும்.

வெர்னா என்ற அம்மாள் பழைய சாமான்களை வாசலில் போட்டு விற்றபோது, தெல்மா நம்பர் பூட்டு வைத்த இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள்.

"இதுல வச்சுப் பூட்டு, டுவைட். சின்னப் புள்ள இருக்கிற வீடு."

"திருடன் வந்தா, 'இருப்பா, நம்பர் போட்டுட்டு வர்றேன்'னு சொல்லவா?"

பெட்டியைத் திறந்தபடியே அலமாரியில் போட்டேன்.

செவ்வாய், மாலை 4:17. வீட்டில் நான் மட்டும். அலமாரிக்குள் 'டக்'. பெட்டி பூட்டியிருந்தது. டிராயர் காலி. நம்பர் போட்டுத் திறந்தேன்... துப்பாக்கி உள்ளே இருந்தது.

வியாழன், அதே 4:17. 'டக்'. இந்த முறை பெட்டிக்குள் தோட்டாக்களைத் தனியே எடுத்து, குழந்தைகள் பொம்மை அடுக்குவதுபோல வரிசையாக வைத்திருந்தது. ஆனாலும் வீம்பு. குண்டுகளை நிரப்பி மறுபடி டிராயரிலேயே வைத்தேன்.

ஞாயிறு. தெல்மா தோட்டத்தில். எங்கள் ஐந்து வயது மகள் ஜோசி பக்கத்து அறையில் தூக்கம். மணி நாலேகாலை நெருங்க, பயத்தில் நானே துப்பாக்கியைக் காலி செய்ய எடுத்தேன். முதலில் குண்டுகள் அடைத்த கூடான மேகசினைக் கழற்ற வேண்டும். அப்புறம்தான் மேல்பாகத்தை இழுத்து, உள்ளே இருக்கும் குண்டை எடுக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு நான் சொன்ன பாடம்.

அவசரத்தில் வரிசையை மாற்றிச் செய்தேன். முதலில் இழுத்ததும் ஒரு குண்டு துள்ளி விழுந்தது. மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே ஏறியதை யோசிக்கவில்லை. மேகசினைக் கழற்றினேன். காலிதானே என்று விசையை அழுத்தினேன்.

'டமார்!'

4:17.

சுவரில் ஓட்டை...

அந்தப் பக்கம் ஜோசி.

ஓடினேன். தலையணையில் ஓட்டை. கட்டில் காலி.

"அப்பா..."

மூலையில் நின்றாள்.

"இங்க எப்படி வந்தே?"

"அந்தப் பாப்பா இழுத்தா."

கையைத் தொட்டேன். மணிக்கட்டு மட்டும் ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

தெல்மா ஓடிவந்தாள். "யாரு சுட்டது?"

"ஜோசிதான்... டிராயரைத் திறந்துட்டா."

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். தெல்மா அவளைப் பிடித்து உலுக்கினாள். ஜோசி என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் வெர்னாவிடம் போனேன். சுட்டதைச் சொல்லவில்லை. பெட்டியைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"என் பொண்ணைப் புதைச்ச வாரம் வாங்கினது தம்பி. அவளே டிராயரைத் திறந்து சுட்டுக்கிட்டான்னு என் புருஷன் சொன்னார். ஒன்பது வருஷம் நம்பினேன். சாகப்போற அன்னைக்குத்தான் வாயைத் திறந்தார். சுட்டது அவர்தானாம். அவ பாவம், பக்கத்து ரூம்ல தூங்கிட்டு இருந்தாளாம்."