கறுப்புக் கேசரி

தம்பியைக் கொழும்புக்கு அனுப்பிவிடுவது என்று அம்மா முடிவெடுத்தபோது அவனுக்கு இருபது வயது. நாங்கள் மட்டக்களப்புப் பக்கம் தேற்றாத்தீவில் இருந்தோம். அந்த வயதுப் பெடியன்கள் ஊரில் இருக்க முடியாத காலம் அது. ஆமியும் தேடியது, ஆள் சேர்க்க இயக்கமும் தேடியது. அப்பா செத்து ஆறு வருடமாகியிருந்தது. வீட்டில் அம்மா, தையல் மெஷினோடு நான், தம்பி, மூன்று பேர்தான்.

கொழும்பில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி இருந்தார். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்ததால் வெறுங்கையோடு போகக்கூடாது என்றாள் அம்மா. வீட்டில் ரவையும் சீனியும் ஒரு பிடி கஜுப் பருப்பும்தான் இருந்தன. நெய் இல்லை, மாஜரின் இருந்தது. கேசரி கிண்டுவோம் என்றேன்.

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் வந்த பக்கத்து வீட்டக்கா அரை டின் கொக்கோத் தூள் தந்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அது அலுமாரியில் கிடந்தது. தம்பிதான் அதை எடுத்துக்கொண்டு வந்தான்.

"இதக் கேசரிக்குள்ள போட்டுப் பாரக்கா. சொக்கலேட் கேசரி."

"கட்டி படும்டா."

"சுடுதண்ணியில கரைச்சிட்டு ஊத்து."

அவனே கரைத்தான். நான் மாஜரினில் கஜுவைப் பொரித்து எடுத்துவிட்டு, அதே தாச்சியில் ரவையை வாசம் வரும்வரை வறுத்தேன். கொதிதண்ணீரோடு அவன் கரைத்ததையும் ஊற்றியபோது ரவை ஒரே இழுப்பில் கறுத்துப்போனது. சீனி போட்டதும் இளகி, மறுபடி இறுகியது. தாச்சியை அவன் பிடித்துக்கொள்ள நான் கிண்டினேன். மாஜரின் பூசிய தட்டத்தில் கொட்டித் தட்டி ஆறவிட்டு, சதுரமாக வெட்டினேன்.

அம்மா வந்து பார்த்தாள். "இதென்ன புள்ள, ஆத்துச் சேத்த அள்ளி வெச்ச மாதிரிக் கிடக்கு?"

ஆனாலும் இரண்டு துண்டு தின்றாள். கொஞ்சம் கசந்தது. தம்பி தட்டத்தின் ஓரத்தைக் கரண்டியால் சுரண்டித் தின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போனோம். பெண் ஒருத்தி கூடப் போனால் பெடியன்களை அவ்வளவாகக் கேட்கமாட்டார்கள் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். அவனை ரயிலில் ஏற்றிவிட்டு நான் திரும்பிவிடுவதாக இருந்தது. வழியிலிருந்த சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, பைகளைத் திறக்கச் சொன்னார்கள். எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்த கேசரியை விரித்த ஆமிக்காரன் கையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். தமிழ் தெரிந்த இன்னொருவனைக் கூப்பிட்டான்.

"இது என்ன?"

"கேசரி."

"கேசரி மஞ்சள். எனக்குத் தெரியும். இது என்ன?"

சொக்கலேட் போட்டது என்றேன். என் குரல் எனக்கே பொய்போலக் கேட்டது. கறுத்து, எண்ணெய் மினுங்க, அளவாக வெட்டி அடுக்கியிருந்த அந்தக் கட்டிகளைப் பார்த்து அவர்கள் வெடிமருந்து என்று நினைத்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"சாப்பிடு."

நான் ஒரு துண்டு தின்றேன். தம்பியையும் தின்னச் சொன்னான். அவன் மூன்று துண்டு தின்றான். தொண்டையில் அடைத்து இருமினான். பிறகு தமிழ் தெரிந்த அந்த ஆமிக்காரனே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"தங்கச்சி, நீங்க போங்க. தம்பி நிக்கட்டும்."

அந்த பஸ்ஸிலிருந்து இன்னும் நான்கு பெடியன்களை நிறுத்தினார்கள். பஸ் ஹோன் அடித்தது. நான் ஏறவில்லை. தம்பி என்னைப் பார்த்து, "நீ போக்கா, நான் வாறன்" என்றான். வெயிலில் மத்தியானம்வரை நின்றேன். நாளைக்கு வரச் சொன்னார்கள். அடுத்த நாள் அம்மாவோடு போனபோது அப்படி யாரையும் தாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள்.

அந்த நான்கு பேரில் இருவர் மூன்றாம் வாரம் திரும்பி வந்தார்கள். ஒருவனின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்டைக்குப் பின்னேரமே அவன வேற வாகனத்தில ஏத்தினாங்க அக்கா. பிறகு காணல்ல."

"ஏன் அவன மட்டும்?"

"தெரியாதக்கா."

கேசரி மஞ்சளாக இருந்திருந்தால் பையை மூடிக் கொடுத்திருப்பார்களா? தம்பியின் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டார்களா? மற்ற நான்கு பேரிடமும் கேசரி இருக்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உதவவில்லை. அம்மா இதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினாள். பாயில் படுத்திருந்தபடி, "அத நீ கொடுத்து விடாம இருந்திருக்கலாம்" என்றாள்.

முகாம் முகாமாக அலைந்தோம். எல்லா இடத்திலும் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். நாங்களும் போனோம். இரண்டாம் வருடம் அம்மாவுக்குக் கால் வீங்கி நடக்க முடியாமல் போனதால் நான் மட்டும் போனேன். பிறகொரு நாள் போனபோது தம்பியை நிறுத்திய அந்தச் சாவடி அங்கே இல்லை. மண்மூட்டைகளையும் தகரங்களையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டேன். எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.