முதுகில் பட்ட கை

போன ஞாயிற்றுக்கிழமை, விராலிமலைப் பக்கம் நடந்த ஒரு சைக்கிள் ரேஸில் என்னைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். ஊக்க மருந்தா என்று கேட்காதீர்கள். நான் சாப்பிடுவது பிரஷர் மாத்திரை ஒன்றுதான், அதில் வேகம் குறையுமே தவிர ஏறாது. குறுக்கு வழியில் போனேனா? அதுவும் இல்லை. ரோட்டில் போன ஒருத்தர் எனக்கு நல்லது செய்தார். அதுதான் குற்றம்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வீட்டு நிலவரம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மனைவி தேன்மொழி அரசுப் பள்ளி ஆசிரியை. தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. கூடவே கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாறுதலும் வந்தது. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டல். புதுக்கோட்டை வீட்டில் மிச்சம் இருப்பது நானும் பிரிட்ஜும்தான். அதுவாவது அவ்வப்போது சத்தம் போடும்.

ஆபீஸ் முடிந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் காபி குடித்துவிட்டு வைத்த டம்ளர் அதே இடத்தில் இருக்கும். இருக்காதா பின்னே? எடுத்து வைக்க யார் இருக்கிறார்கள்? ஆனாலும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்பேன். அந்த டம்ளரைக் கொஞ்சம் தாமதமாகப் பார்க்கலாமே என்றுதான் சைக்கிள் வாங்கினேன். உடம்பைக் குறைக்க வாங்கியதாக ஆபீஸில் சொல்லி வைத்திருக்கிறேன்.

வாங்கியது சாதாரண சைக்கிள் இல்லை – ரேஸ் சைக்கிள். கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல் கிடையாது. அறந்தாங்கி ரோட்டில் நான் வழக்கமாக நிறுத்தும் டீக்கடைக்காரருக்கு இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவரால் தாங்க முடியாதது ஒன்றுதான்.

"ஸ்டாண்டு இல்லாத வண்டியை எப்புடிங்க நிப்பாட்டுறது?"

"சாத்தித்தான் வைக்கணும்."

"சாத்தி வைக்க ஒண்ணும் இல்லாத எடத்துல?"

"கையில பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, டீயில் ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்துப் போட்டார்.

சைக்கிள் ஓட்டினோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருந்திருக்கலாம். யார் விட்டது? போன வருஷக் கடைசியில் ரேஸில் சேர்வதென்று முடிவெடுத்தேன். வாரம் முழுவதும் தனியாக ஓட்டுகிறோமே, ஞாயிற்றுக்கிழமையாவது நாலு பேரோடு ஓட்டலாமே என்ற ஆசை. ஜெயிக்கிற எண்ணமெல்லாம் இல்லை. இந்த சீசனில் ஒரே ஒரு ரேஸையாவது, கொடுத்த நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். தேன்மொழியிடம் போனில் சொன்னேன். "முடிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள். தலைமையாசிரியை!

ரோடு ரேஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே கூட்டமாகத்தான் ஓட்டுவார்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவருக்குப் பாதி உழைப்புதான். அதனால் கூட்டத்துக்குள் இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் சூரன். ஓர் ஆள் அளவு இடைவெளி விட்டுவிட்டால்... போச்சு. முழுக் காற்றும் நம் நெஞ்சில். முன்னால் இருக்கிற முதுகுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகும். பிறகு சக்கரங்களின் சத்தமும் கேட்காது. அதற்கப்புறம் ரோடு இருக்கும், நாம் இருப்போம்.

கோயம்புத்தூரில் பஞ்சர் ஆகி நின்றேன். சென்னைக் கடற்கரைச் சாலையில், கூட்டம் வேகமெடுத்த முதல் தடவையே கழன்றுகொண்டேன். மதுரையில் வெயில், இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டு, சைக்கிளிலிருந்து இறங்கத் தெரியாமல் ஒரு புளியமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். நாலு பேரோடு ஓட்டப் போனவன், ஒவ்வொரு ஊரிலும் தனியாகத்தான் ஓட்டினேன். வீட்டில் செய்வதை வெளியூருக்குப் போய்ச் செய்தேன், அவ்வளவுதான்.

எல்லா ரேஸிலும் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வேன் வரும். முடியாதவர்களை அள்ளிக்கொண்டு போகிற வேன். அது அவசரப்படாது, ஹாரன் அடிக்காது. நம் வேகத்துக்கே பின்னால் ஊர்ந்து வரும். நாம் தலையைத் தொங்கப் போட்ட நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து, டிரைவர் கண்ணாடியை இறக்குவார்.

"ஏறிக்கிறீங்களா சார்?"

ஏறிக்கொள்வேன். சைக்கிள் மேலே, நான் உள்ளே. சாயங்காலம் தேன்மொழி போன் செய்வாள்.

"முடிச்சீங்களா?"

"இல்ல."

"சரி... சாப்பிட்டீங்களா?"

முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விடுவாள். அது என்னவோ செய்யும். வேனில் ஏறியதைவிட அதுதான் வலித்தது.

சீசனின் கடைசி ரேஸ் விராலிமலையில் என்றதும் துள்ளினேன். நம்ம மாவட்டம், நம்ம ரோடு. விராலிமலையிலிருந்து இலுப்பூர், அன்னவாசல் போய்த் திரும்பி அதே வழியில் வர வேண்டும். மாதம் மட்டும்தான் உதைத்தது. ஆடி.

போகும்போது காற்று பின்னாலிருந்து அடித்தது. நான் கூட்டத்துக்குள் ஜாலியாகப் போனேன். ஒரு கட்டத்தில், பயிற்சி பலன் கொடுத்துவிட்டது என்றே நம்பிவிட்டேன். அன்னவாசலில் திரும்பியதும்தான் யாருடைய பலன் என்று தெரிந்தது. காற்று முகத்தில் அறைந்தது. கூட்டம் குனிந்து மிதித்தது. எனக்கு முன்னால் ஓர் ஆள் இடைவெளி... இரண்டு ஆள்... பிறகு வெறும் ரோடு.

ஆனால் இந்தத் தடவை நேரம் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். இதே வேகம், இதற்கு மேல் குறையாமல் மிதித்தால் முடித்துவிடலாம். வேன் பின்னால் வந்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை. இலுப்பூர் தாண்டி ஓர் ஏற்றம் இருக்கிறது. பஸ்ஸில் போனால் அது ஏற்றம் என்றே தெரியாது. அதில் பாதிவரை வந்தபோது என் கால்கள் சொல்பேச்சு கேட்பதை நிறுத்திவிட்டன.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரோட்டில் ஒருத்தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனால், பின்னால் பைக்கில் வருகிறவர் வேகத்தைக் குறைப்பார். "பெட்ரோலா?" என்பார். அவனை ஏறி உட்காரச் சொல்லி, தன் காலை நீட்டி அவன் வண்டியில் முட்டுக் கொடுத்து, பெட்ரோல் பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார். பெயர், ஊர் எதுவும் கேட்க மாட்டார். நான் தண்ணீர் குடிக்க ஓரமாக நின்றாலே யாராவது வந்து "என்னங்க, பஞ்சரா?" என்பார்கள். ஒருமுறை ஒரு லோடு ஆட்டோக்காரர் சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்தேவிட்டார். இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ரோட்டில் தனியாக நிற்க நம் ஆட்கள் யாரையும் விடுவதில்லை. வீட்டுக்குள் மாதக்கணக்கில் தனியாக இருங்கள்... ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

அந்த ஏற்றத்தில் ஒரு மொபெட் பக்கத்தில் வந்தது. அறுபது வயது இருக்கும், தலையில் துண்டு. பின்னால் முருங்கைக்காய்க் கட்டு.

"என்னங்க, செயின் கழண்டுருச்சா?"

"இல்லீங்க... ரேஸ்."

"ரேஸா? மத்தவுகள்லாம் எங்கிட்டுப் போனாக?"

"முன்னாடி... போய்ட்டாங்க."

அவர் ரோட்டை எட்டிப் பார்த்தார். ஒருத்தரும் இல்லை.

"ஒங்கள விட்டுட்டா?"

கூட்டத்தின் வேகம், காற்றின் திசை, என் வயது – இவ்வளவையும் மூச்சிரைக்க விளக்க முடியுமா? "ஆமாங்க" என்றேன். வெட்கம்கூடப் படவில்லை, அழுகைதான் வந்தது.

"கூட வந்த ஆளை விட்டுட்டுப் போறதெல்லாம் என்னங்க பழக்கம்? நீங்க ஹேண்டிலை மட்டும் நேராப் பிடிங்க."

முதுகில் கை வைத்தார்.

"வேணாங்க. தள்ளக் கூடாது. ரூல்ஸ்."

"அட இருங்க. மேடு ஏறுனதும் விட்டுர்றேன்."

உடனே வேண்டாம் என்று சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். சொன்னபடியே மேட்டின் உச்சியில் கையை எடுத்துவிட்டு, விராலிமலைப் பக்கம் பறந்துவிட்டார். நான் சரிவில் இறங்கி, மிச்ச தூரத்தையும் மிதித்து, முடிவுக் கோட்டைத் தாண்டினேன். பரிசு கொடுத்து முடித்து, பேனரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ரேஸ் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் மிச்சம் இருந்தது! சைக்கிளைச் சாத்த இடம் தேடாமல் அப்படியே கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நடத்துகிறவர்களில் ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி வந்தார்.

"சாரி சார். உங்க பேரு லிஸ்ட்ல வராது. வெளி உதவி."

கோபம் தலைக்கேறியது. நான் கேட்டேனா? வேண்டாம் என்று சொல்லவில்லையா? அவர் போனை நீட்டினார். வேனிலிருந்து எடுத்த வீடியோ.

நீளமான வெறும் ரோடு. அதில் குறுகிப்போய், இரண்டு தோளும் காது வரைக்கும் ஏறி, ஒருத்தன் தள்ளாடிக்கொண்டிருக்கிறான். பார்க்கவே பாவமாக இருந்தது. மொபெட் வருகிறது. ஒரு கை அவன் முதுகைத் தொடுகிறது. தொட்டதும் அந்தத் தோள்கள் மெதுவாகக் கீழே இறங்குகின்றன. அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முதுகு சொல்லவில்லை.

எத்தனை மாதமாகத் தோளை அப்படித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்? சைக்கிளில் மட்டும்தானா? சட்டையில் குத்தியிருந்த நம்பரைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டேன்.

எழுந்து பார்த்தால், எதிர்ப்பக்கம் மொபெட் நிற்கிறது. முருங்கைக்காய்க் கட்டைக் காணோம், விற்றிருப்பார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். இந்த சீசனில் எந்த ஊரிலும், முடிவுக் கோட்டில் எனக்காக யாரும் நின்றதில்லை.

"முடிச்சுட்டீங்களா?"

பக்கத்திலேயே அந்த இளைஞர், கையில் என் நம்பரோடு. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"முடிச்சுட்டேங்க. ஒங்களாலதான்."

"நான் என்ன செஞ்சேன், மேட்டுல ஒரு கை. அப்பச் சரி, நான் வாரேன்."

போய்விட்டார். சாயங்காலம் தேன்மொழியின் போன்.

"முடிச்சீங்களா?"

முழுவதையும் சொன்னேன். டம்ளரைப் பற்றி, தோளைப் பற்றி, எப்போதும் போனில் சொல்லாத எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் வழக்கத்தைவிடப் பெரிய இடைவெளி.

"ஏங்க இத்தனை நாளா சொல்லல?" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவர் பேரு என்ன?"

"கேக்கல."

"நல்ல ஆளு நீங்க."

முடிவுகளை வெளியிட்டுவிட்டார்கள். என் பெயருக்கு நேரே 'வெளி உதவி பெற்றார்' என்று இருக்கிறது. மேல்முறையீடு செய்ய ஒரு வாரம் அவகாசமாம் – நான் எதற்குச் செய்யப் போகிறேன்?