நரி வாங்க வந்த வீடு

போன புதன்கிழமை காலை, கிணத்துக்கடவிலிருந்து என் சித்தப்பா மகன் செந்தில் போன் செய்தான். தென்னந்தோப்பு வைத்திருப்பவன். தேங்காய் விலையைத் தவிர வேறெதற்கும் போனைத் தொடாதவன்.

"ஏனுங்க்கா, நீங்க ஊடு கட்டி விக்கறீங்களாமா? எல்லாரும் பேசிக்கறாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

"ஆமா கண்ணு, ஏதோ சின்னதா பண்றேன்."

"சைட்டு எங்கீங்க்கா?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

நிதானமாக, ரொம்பப் பொறுப்பாகக் கேட்டான்...

"அங்க தண்ணி வசதி எப்படீங்க்கா? போர் போட்டா எத்தன அடியில கெடைக்குது?"

சிரிக்காதீர்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் என் வீட்டில் தண்ணீர் வசதி உண்டு! சமையலறையில் இரண்டு குழாய்கள் — ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் உப்புத் தண்ணி. பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் ஒன்று சுடுதண்ணீர், மற்றது பச்சைத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். "உப்புத் தண்ணீரை ஏன் வீட்டுக்குள் கொண்டுவருகிறீர்கள்?" என்று கேட்டார்கள். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

விஷயம் இதுதான். இன்டர்நெட்டில் ஓர் உலகம் இருக்கிறது. நம்மைப் போல ஒரு பொம்மை செய்து அதற்குள் அனுப்பிவிட்டால் அது நடக்கும், பேசும், நிலம் வாங்கும், வீடு கட்டும். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் தங்கள் பொம்மைகளை அங்கே அனுப்பிவைக்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் போன தீபாவளிக்கு வந்தபோது, "அம்மா, சீரியல் பாக்கறதுக்கு இது பரவால்ல" என்று என் லேப்டாப்பில் அதைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள்.

மற்றவர்கள் அங்கே போய் டிராகன் ஓட்டுகிறார்கள். நான் வீடு கட்டினேன்.

ஏன் வீடு? அதற்கு ஒரு பழைய கதை உண்டு. சிங்காநல்லூர் குளத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு சைட் இருந்தது. கிழக்குப் பார்த்தது, மூலையில் ஒரு வேப்பமரம். அதில் கட்டப்போகும் வீட்டை நான் மனசுக்குள் கட்டி முடித்து, பெயின்ட்கூட அடித்துவிட்டேன். அப்போது இரும்பு வார்ப்படம் செய்யும் எங்கள் வீட்டுக்காரரின் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு மெஷின் தேவைப்பட்டது. சைட் போனது, மெஷின் வந்தது. நல்ல மெஷின். மகளைப் படிக்கவைத்தது அதுதான், இந்த ஃப்ளாட்டை வாங்கிக்கொடுத்ததும் அதுதான். நியாயம்தான்... ஆனால் ஃப்ளாட்டின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே பக்கத்து பிளாக்கின் சமையலறை ஜன்னல். அவர்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது அவர்கள் வீட்டு ஆம்பிளைகளுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

எனவே கம்ப்யூட்டருக்குள் ஒரு நிலம் பிடித்து, கிழக்குப் பார்த்து, அந்த வீட்டைக் கட்டினேன். மூலையில் வேப்பமரம். வாசலில் கால் கழுவ ஒரு குழாய். சமையலறையில் பெரிய ஜன்னல். காலை வெயில் நேராக அடுப்பு மேடையில் வந்து விழும். துணி துவைக்கிற கல், மொட்டை மாடியில் கொடி, கொடியில் கிளிப்... ஒன்றையும் விடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வெளையாடு அம்மணி, வெளையாடு" என்பதோடு சரி.

அந்த வழியாகப் போன பொம்மைகள் எல்லாம் உள்ளே வந்து பார்த்தன. எங்களுக்கும் இப்படி ஒரு சமையலறை வேண்டும் என்றன. நாலைந்து பேருக்குக் கட்டிக்கொடுத்தேன். இதை ஒரு நாள் எங்கள் வீட்டுக்காரரின் சாப்பாட்டுத் தட்டில் ரசம் ஊற்றும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கை அப்படியே நின்றுவிட்டது அவருக்கு.

"சும்மாவா செஞ்சு குடுத்தே?"

நான் யாரையாவது வெட்டிப்போட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அதிர்ந்திருக்கமாட்டார். நம் ஊரைப் பற்றி நான் கண்டுபிடித்த உண்மை ஒன்று உண்டு. கோயம்புத்தூரில் பொழுதுபோக்கு என்று எதுவும் கிடையாது. இன்னும் பில் போட ஆரம்பிக்காத தொழில் என்றுதான் அதற்கு அர்த்தம்!

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். செங்கல் எங்கே வாங்குகிறாய்? வாங்குவதில்லை, வரைவதுதான். சிமென்ட்? இல்லை. ஆள்? நான்தான். வேஸ்ட்டேஜ்? கிடையாது. மனுஷருக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது.

"இரும்பு வேண்டாம், கரி வேண்டாம், லேபர் லீவு போட மாட்டான்... இப்படி ஒரு தொழில வெச்சுக்கிட்டா வெளையாடிட்டு இருந்தே?"

அடுத்த வெள்ளிக்கிழமை தொழில் தொடங்கியாகிவிட்டது. லேப்டாப் மூடியில் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் வைப்பதுபோல மவுசுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் பார்த்தார். மவுஸ் நிற்கவில்லை, பழம் சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டது. நல்ல சகுனம் என்றார். எந்தக் கணக்கில் என்று நான் கேட்கவில்லை.

ஆர்டர் வந்தது, காசும் வந்தது. அந்த உலகத்துக் காசை நம் பேங்க் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஒன்று மட்டும் போய்விட்டது... முன்பெல்லாம் ஒரு ஜன்னலுக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன். அந்தச் சுகம் உங்களுக்குத் தெரியுமா? இப்போது பின்னாலிருந்து ஒரு குரல் — "ஜன்னல் ஐட்டம் எப்ப டெலிவரி?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த நரி வந்தது.

நரி என்றால் நிஜமாகவே நரிதான். அந்த உலகத்தில் யாரும் எதுவாகவும் வரலாம். கோட்டுப் போட்டு, இரண்டு காலில் நடக்கிற செம்பட்டை நரி. அதற்குள் இருப்பவர் நார்வேயில் ரயில் ஓட்டுகிற இங்க்ரிட் என்கிற பெண்மணி. என் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சமையலறையில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு எழுதினார்: "எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்கச் சூரியனே வராது. இந்த அடுப்பு மேடையில் வெயில் விழுகிறதே... இந்த வீட்டை எனக்குக் கொடுப்பீர்களா?"

அவர் சொன்ன விலையைப் பார்த்த எங்கள் வீட்டுக்காரர், "நரி மொகத்துல முழிச்சுட்டே அம்மணி!" என்று துள்ளினார். நான் பதில் யோசிப்பதற்குள் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி 'யெஸ்' என்று தட்டிவிட்டார்.

சரி, கொடுத்துவிட வேண்டியதுதானே? கை வரவில்லை. சாவியை மாற்றிக்கொடுக்கும் பட்டனுக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பிவந்தேன். அப்போது ஆடி மாசம் பிறந்திருந்தது. அந்த மாசத்தை அதற்கு முன் நான் அவ்வளவு மரியாதையாக நினைத்துப் பார்த்ததே இல்லை.

"மன்னிக்கவும்" என்று இங்க்ரிட்டுக்கு எழுதினேன். "எங்கள் ஊரில் இந்த மாசம் யாரும் புது வீட்டுக்குக் குடிபோகமாட்டார்கள்."

"சரி. காத்திருக்கிறேன்" என்றது நரி. சொன்னதோடு விட்டதா? மறுநாள் நான் உள்ளே போனால், கேட்டுக்கு வெளியே ஒரு பெட்டியோடு நிற்கிறது! வேலை முடிந்து வந்ததும் தினமும் வந்து நிற்கும். நான் எட்டிப் பார்த்தால் வாலை ஆட்டும். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

ஆடி போய் ஆவணி வந்தது. தேய்பிறை என்றேன். வளர்பிறை வந்தது. அஷ்டமி என்றேன், அடுத்த நாள் நவமி என்றேன். அதற்கடுத்த நாள் நான் தினசரிக் காலண்டர் முன்னால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரிநாள் தேடிக்கொண்டிருக்கும்போது, பின்னால் எங்கள் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"ஏனம்மணி... ராகு காலத்துல பொண்ணு பாக்க வந்தாக்கூட பரவால்லீன்னு உங்க அப்பங்கிட்டச் சொன்னவ நீ. உனக்கு எப்ப இருந்து இதெல்லாம்?"

அவ்வளவுதான். எங்கே அடக்கிவைத்திருந்தேனோ, உடைந்துவிட்டது.

"அது என்னோட ஊடுங்க! ஒருக்கா சைட்ட வித்தாச்சு. இதையும் விக்கோணுமா?"

சொன்ன பிறகுதான் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்ப்யூட்டர் வீட்டுக்கு அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். இத்தனை நாளாக விலையை மட்டும் பார்த்தவர், அன்றைக்குத்தான் வீட்டைப் பார்த்தார்.

"இது... நம்ம வேப்பமரமா?"

"ஆமா."

அவர் என் பக்கம் திரும்பி, ஒர்க்‌ஷாப்பில் புதுப் பையனைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தார்.

"அது சரி... பேட்டர்ன யாராச்சும் விப்பாங்களா அம்மணி? காஸ்டிங்கத்தான விப்போம்?"

ஃபவுண்டரிப் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மரத்தில் ஓர் அச்சு செய்வார்கள், அதுதான் பேட்டர்ன். அதை மணலில் அழுத்தி, பதிந்த பள்ளத்தில் இரும்பை உருக்கி ஊற்றினால் வருவது காஸ்டிங். ஒரே பேட்டர்னில் எத்தனை காஸ்டிங் வேண்டுமானாலும் எடுக்கலாம். காஸ்டிங் லாரி ஏறும். பேட்டர்ன் அலமாரியை விட்டு இறங்காது.

அதாவது — வீட்டை ஒரு காப்பி எடுத்து நரிக்குக் கொடு என்கிறார்!

எனக்கு ஏன் தோன்றவில்லை? தினமும் ஒரே குட்மார்னிங் படத்தை முப்பது பேருக்கு அனுப்புகிறவள் நான். கம்ப்யூட்டரில் எதையும் காப்பி எடுக்கலாம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வீடு என்று வந்துவிட்டால் நமக்கு மூளை பத்திர ஆபீஸுக்குப் போய்விடுகிறது. ஒருவர் கைமாற்றினால் இன்னொருவருக்குப் போய்விடும், கொடுத்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது... அப்படியே பழகிவிட்டோம்.

நல்ல நாள் பார்த்து — இந்த முறை நிஜமாகவே பார்த்து — நரியின் நிலத்தில் காப்பி வீட்டை நிறுத்தினேன். இவ்வளவு நாள் சாஸ்திரம் பேசிவிட்டுச் சும்மா சாவி கொடுக்க முடியுமா? பால் காய்ச்சுவதற்கு ஒரு பாத்திரம் செய்துவைத்தேன். தொட்டால் பால் பொங்கும். வலது காலை வைத்து வரச் சொன்னேன். இங்க்ரிட், பாவம், கீபோர்டில் எந்தக் கால் முதலில் போகும் என்று தெரியாமல் வாசலிலேயே முன்னும் பின்னுமாக நடந்தார். பிறகு பாத்திரத்தைத் தொட்டார். பொங்கியது. சந்தோஷத்தில் தொட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு பொங்கல்! ஹால் நிறைந்து, படியிறங்கி, வாசல் குழாய் வரைக்கும் பால். நடுவில் காது மட்டும் தெரிய நரி.

"இப்படித்தான் ஆக வேண்டுமா?" என்று எழுதினார்.

"எவ்வளவு பொங்குகிறதோ அவ்வளவு நல்லது" என்று பதில் போட்டேன். வேறென்ன சொல்ல?

அதைப் பார்த்த அவருடைய சிநேகிதர்கள் — ஒரு கரடி, இரண்டு ரோபோ — ஆளுக்கொரு பால் பாத்திரம் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வீட்டைவிடப் பாத்திரம்தான் நன்றாகப் போகிறது. "ஸ்பேர்ஸ்லதான் லாபம்னு நான் எப்பவுமே சொல்றதுதான்" என்கிறார் எங்கள் வீட்டுக்காரர்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை காலை இன்னொன்று நடந்தது.

நான் என் வீட்டு மொட்டை மாடியில் கொடிக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை. சினிமா ஹீரோ மாதிரி உடம்பு, தலை நிறைய முடி. நடக்கத் தெரியவில்லை. வேப்பமரத்தில் போய் முட்டி, அங்கேயே நடந்துகொண்டிருந்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக ஒரு வரி வந்தது.

"உள்ள வரலாமுங்களா?"

இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்காரர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. அடுத்த அறையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷர், மகளிடம் கேட்டுக் கேட்டு பொம்மை செய்துகொண்டு! "வாங்க" என்று தட்டவே நேரமாயிற்று.

உள்ளே வந்தார். எல்லா அறையையும் பார்த்தார். "நாம பால் காச்சவே இல்லியே" என்றார். நான் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தேன். ஆனால் அவருக்குத் திருப்தியில்லை. பொம்மைப் பால் கணக்கில் சேருமா? ஃப்ளாட் சமையலறையிலும் ஒரு பாத்திரம் நிஜப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு ஓடிவந்தார். எங்கள் இரண்டு பொம்மைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஜன்னல் வழியாக வெயில் நேராக அடுப்பு மேடையில் விழுந்துகொண்டிருந்தது. பால் பொங்கியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்... தீய்ந்த வாசனை வரும்வரை.

நிஜ அடுப்பு முழுக்கப் பால். மேடையில் வழிந்து, கீழே சிலிண்டர் வரை போயிருந்தது. அவர்தான் துணி எடுத்துத் துடைத்தார். நான் உதவினேனா என்று கேட்கிறீர்களா? சொந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நாளே நானா அடுப்பு துடைப்பேன்?