உண்ணாமுலை நேர்ந்துகொண்ட முடி

திருவண்ணாமலைக்கு ராக் அண்ட் ரோலைக் கொண்டுவந்து இறக்கியவள் நான்தான். அன்று மலையே ஒரு பக்கமாக இடுப்பை அசைத்தது. கோபுரத்துப் புறாக்கள் தாளத்துக்குத் தலையாட்டின. சரி, கொஞ்சம் ஜாஸ்தியாகச் சொல்லிவிட்டேன். நான் செய்ததெல்லாம், பேத்தி சைலஜா பெங்களூரிலிருந்து அனுப்பிய, வெளிநாட்டு நாடகம் பார்க்கிற ஆப்பின் பாஸ்வேர்டைக் கீழ்வீட்டு உண்ணாமுலையின் செல்போனில் போட்டுக் கொடுத்ததுதான். மிச்சத்தையெல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள்.

உண்ணாமுலை தையல்காரி. தேரடித் தெருவுக்குப் பின்னால் எங்கள் சந்தில், வாசலைப் பார்த்தபடி அவள் மெஷின் இருக்கும். நிமிர்ந்தால் மலை தெரியும். ஐம்பதை நெருங்குகிற அவளுக்கு முகப்பவுடர் ஆசைகூடக் கிடையாது. கர்வம் எல்லாம் தலைமுடியில்தான். பின்னலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டுதான் மெஷினில் உட்காருவாள். தொங்கவிட்டால் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். அவள் கணவர் மணிவேல் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் தலையோ சுத்தமான பாறை. கடவுள் ஒரு வீட்டுக்குக் கொடுத்த முடியை ஒரே ஆளிடம் இறக்கிவிட்டார் என்று நான் சொல்வதுண்டு.

அதில் அவள் பிடித்துக்கொண்ட நாடகத்தின் பெயர் 'தகரக் கூரை'. அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன ஊர். அதில் தகரக் கூரை போட்ட ஒரு பாட்டுப் பதிவுக் கூடம். ராக் அண்ட் ரோல் என்ற பெயர்கூட இன்னும் ஒட்டாத காலம். டெல்மர் என்ற லாரி கிளீனர் பையன், நெற்றிமேல் முடியைத் தூக்கி எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு, கிட்டாரும் கையுமாக அங்கே வந்து நிற்கிறான். டப்பிங்கில் எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள். பாட்டு வரும்போது மட்டும் ஆங்கிலம்.

உண்ணாமுலை போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்துவைத்துப் பார்ப்பாள். காதல் காட்சி வந்தால் விரலால் தள்ளிவிடுவாள். "இதத்தான் எல்லா நாடகத்துலயும் காட்றானே டீச்சர்." பாட்டுப் பதிகிற காட்சிக்கு மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவாள். ஒரே பாட்டை அவர்கள் திரும்பத் திரும்பப் பாட, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற முதலாளி 'இன்னொரு முறை' என்று விரலைச் சுழற்ற, எனக்குக் கொட்டாவி வரும். அவளுக்கோ கண் மின்னும்.

"பாருங்க, பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கறானுங்க. அளவா உக்கார்ற வரைக்கும் வுட மாட்டானுங்க போல."

வேகப் பாட்டு வந்தால் அவள் கால் மிதிபலகையில் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் வாங்கித் தருகிறேன் என்று மணிவேல் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டாள். அந்த மாதங்களில் எங்கள் சந்துப் பெண்கள் போட்ட ஜாக்கெட்டில் இடது கைக்கும் வலது கைக்கும் நடுவே ஒரு பாட்டு வித்தியாசம் இருந்தது. ஒருத்தி சண்டைக்கே வந்தாள். "உன் பாட்டு முடிஞ்சப்புறம் என் துணிய எடு தாயி" என்று சொல்லிப் போனாள்.

நாடகத்தில் லூலா என்று ஒரு கருப்பினப் பெண்மணி வருவார். சலவைக்கடையில் வேலை. இஸ்திரி போட்டுக்கொண்டே தான் கட்டிய பாட்டைப் பாடுவார். சட்டை வாங்க வந்த டெல்மர் அதைக் கேட்டான், பாடினான், கூடம் அதைப் பதிந்தது, நாடே ஆடியது. இசைத்தட்டின் நடுவில் அவன் பெயர் மட்டும் பெரிதாக அச்சாகியிருந்தது.

உண்ணாமுலை போனைக் கவிழ்த்துவைத்தாள்.

"பாட்டு அந்தம்மா பாட்டு. தட்டுல இவன் பேரா?"

"அந்தக் காலத்தில் அங்கே அப்படித்தான் நடந்தது. அவர்கள் கட்டிய பாட்டில் வேறு யாரோ பெயர் வாங்கினார்கள்" என்று என் பழைய சரித்திரப் பாடத்தை எடுத்துவிட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த ஜாக்கெட்டைப் பார்த்தாள். முதுகில் சின்னச் சின்ன அகல்களாக இறங்கிவரும் வேலைப்பாடு. அவளே யோசித்து முதலில் தைத்தது. இப்போது ஊரில் ஒரு பெரிய கடை அதைத் தன் சரக்காக விற்கிறது. தைப்பது இவள்தான். கழுத்துப் பட்டையில் வைக்கிற கடை லேபிளையும் இவளேதான் வைத்துத் தைக்க வேண்டும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் குறைசொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. சில நாட்கள் நாடகம் பார்க்காமல் இருந்தாள், அவ்வளவுதான்.

பிறகு டெல்மருக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. முதல் சீசனின் கடைசிப் பகுதியில், ரேடியோ நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினான். மழை. ஒரு பாலத்தில் கார் கவிழ்ந்தது. ரேடியோ நிலையத்தில் மைக் காத்திருக்க, சலவைக்கடையில் லூலா எதுவும் தெரியாமல் சட்டை மடிக்க, நாடகம் அங்கேயே நின்றுவிட்டது.

உண்ணாமுலை எழுந்து வாசலுக்குப் போனாள். மலையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அண்ணாமலையாரே, அவன எழுப்பிக் குடு. போயி அந்தம்மா பேரச் சொல்லட்டும். சொல்லிட்டான்னா உனக்கு முடி எறக்கறேன்."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த மணிவேல் தலையை நீட்டினார். "யாரு முடிய?"

"அவன் முடியத்தான். நெத்தியில தூக்கி வுட்டுனு திரியறானே, அத."

"அவன் அமெரிக்காவுல கெடக்கறான். அவன் முடிய நீ எப்டிடி எறக்குவ?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எங்கள் ஊரில் அம்மாக்கள் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டா முடி நேர்கிறார்கள்? கைக்குழந்தை முதல் காலேஜ் போகிறவன் வரை யார் தலையானாலும் அம்மா வாயில் அடமானம்தான். அந்தப் பழக்கத்தில் இவளும் சொல்லிவிட்டாள். சொன்ன வார்த்தை மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. திருப்பி வாங்க முடியாது.

"எந் தலைல இருந்தா நானாச்சும் குடுப்பேன்" என்றார் மணிவேல்.

"உங்க தலையக் காட்டினா சாமி சிரிச்சுரும். சாப்புடுங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே. "அடி பைத்தியம், அவன் நடிகன். சிவப்பு மையைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பான்" என்றேன்.

"நடிச்சவனுக்கா நேந்துகிட்டேன்? டெல்மருக்கு. எங்க ஊரு பாரதக் கூத்துல தபசு மரம் ஏறறது யாரு டீச்சர், வேசம் கட்டின ஆளுதான? மேலருந்து அவன் எலுமிச்சம்பழம் போட்டா, புள்ள வரம் கேக்கற பொம்பளைங்க மடியேந்திப் புடிக்கறாங்களே. அவங்களுக்குத் தெரியாதா அது வேசம்னு?"

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தலைமுறைகளை வாயடைக்க வைத்தவள் நான். அன்று மோர் குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டாவது சீசன் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வந்ததே, அது சித்ரா பௌர்ணமி அன்றா வர வேண்டும்? அன்று எங்கள் ஊரில் மலை சுற்ற வருகிற கூட்டத்தில் செல்போன் எல்லாம் செத்துவிடும். மத்தியானமே உண்ணாமுலையின் போனில் அந்தச் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, நிற்கவே இல்லை.

"ஊரே சுத்துதுல்ல, அதுவும் கிரிவலம் போவுது" என்றார் மணிவேல். அவள் சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

பௌர்ணமி என்றால் ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஊருக்கு வெளியே வண்டியைப் போட்டுக் காத்திருந்த கூட்டத்தை விட்டுவிட்டு மணிவேல் திரும்பி வந்திருந்தார். சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, எங்கோ பார்த்தபடி சொன்னார்:

"கீழ்பென்னாத்தூர் தாண்டிட்டா டவர் கெடைக்கும். வரதுன்னா வா. டீச்சர், நீங்களும் ஏறுங்க."

செஞ்சி ரோட்டில் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் திருவண்ணாமலையைப் பார்த்து வந்தன. நாங்கள் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனோம். ஒரு வேர்க்கடலைக் கொல்லை ஓரம், புளியமரத்து நிழலில் வண்டி நின்றது. வட்டம் நின்றது. டெல்மர் கண் விழித்தான்.

உண்ணாமுலை அலறியதில் கொல்லையிலிருந்த கொக்குகள் எல்லாம் எழும்பித் திண்டிவனம் வரை போய்த்தான் உட்கார்ந்தன. அவன் தலையில் கட்டு. தையல் போடுவதற்காக ஆஸ்பத்திரியில் முடியை வழித்திருந்தார்கள். முன்சீட்டில் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த மணிவேல், கண்ணாடியில் அதைப் பார்த்திருக்கிறார்.

"இந்தா பாரு! ஆஸ்பத்திரிலயே எறக்கிட்டாங்க. உன் வேண்டுதல் தீந்து போச்சு!"

"ஆஸ்பத்திரி கத்தியும் சாமி கத்தியும் ஒண்ணா? சும்மா இருங்க, இன்னும் அவன் பேரச் சொல்லல."

சொன்னான். கழுத்தில் கட்டிய துணியில் ஒரு கை தொங்க ரேடியோ நிலையத்துக்குப் போய், பாடச் சொன்னபோது பாடாமல் சொன்னான். 'இது என் பாட்டு இல்லை. இதைக் கட்டியவர் லூலா மே ஹாக்கின்ஸ். ஆற்றங்கரைத் தெரு சலவைக்கடையில் இருக்கிறார்.' அங்கே சலவைக்கடை ரேடியோவில் அது கேட்டது. லூலா அழவில்லை, சிரிக்கவில்லை. கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைக்காமல் சற்று நேரம் தூக்கியே பிடித்திருந்தார்.

"சட்ட கருகக் கூடாதுல்ல" என்றாள் உண்ணாமுலை. பிறகுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் மலை முன்னால் பெரிதாக வந்து நின்றது. அவள் பின்னலை மடியில் வைத்துக்கொண்டு தடவியபடியே வந்தாள். கேட்டது நடந்துவிட்டது. கொடுக்க வேண்டியது பாக்கி.

கஷ்டம் என்னவென்றால், அடுத்த மாதம் அவள் அக்கா மகள் அன்புச்செல்விக்குக் கல்யாணம். அக்கா இல்லை. அம்மா இடத்தில் நின்று எல்லாம் செய்ய வேண்டியவள் உண்ணாமுலைதான். கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் மொட்டைத் தலையோடு நிற்பதா? வீடியோவில் வருமே. அன்புச்செல்வியே வந்து, "சித்தி, கல்யாணம் முடிஞ்சப்புறம் குடேன்" என்று கெஞ்சினாள். "சொன்னத ஆறப்போடறது பொய் மாதிரி இருக்குடி" என்றாள் இவள். ஆனாலும் இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் குஞ்சிதபாதம் குருக்களிடம் போனோம். கோயிலில் அர்ச்சனை செய்கிறவர். சின்ன வயதில் என்னிடம் சரித்திரம் படித்தவர். முழுக்கதையையும் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மனைவி ஹைமவதியும் 'தகரக் கூரை' பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

"வேண்டிண்டது யாரு? நீதானேம்மா. அப்ப உன் முடியே போறும். அதுவும் மொட்டை போடணும்னு இல்ல. பொம்மனாட்டிகள் பூமுடி குடுக்கறதில்லையா? நுனியில மூணு கத்திரி. சுவாமி கோச்சுக்க மாட்டார்."

மணிவேலுக்கு முகம் மலர்ந்தது. எனக்கும்தான். தெருமுனை வந்ததும் உண்ணாமுலை நின்றாள்.

"டீச்சர், அவன் ரேடியோல பாதிப் பேரா சொன்னான்?"

"இல்லையே."

"முழுப் பேரும் சொன்னான். தெரு பேரு, கடை எல்லாம் சொன்னான். நான் மட்டும் நுனியக் குடுக்கறதா?"

மறுநாள் காலையில் மொட்டை போட்டாள். முடி எடுத்தவர் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா ரோசனை பண்ணிக்கினியாம்மா?" என்று கேட்டார். "பண்ணியாச்சு, எடுங்கண்ணா" என்றாள். பின்னல் கீழே விழுந்த சத்தத்தில் கோபுரம் அதிர்ந்தது. இல்லை, என் நெஞ்சு அதிர்ந்தது, அதைத்தான் அப்படி எழுதிவிட்டேன். மணிவேல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு வந்து, அவள் தலையில் சந்தனத்தைத் தன் கையாலேயே பூசிவிட்டு, "இப்பதான் எனக்குப் பொருத்தமா இருக்க" என்றார். "போங்க அந்தாண்ட" என்று அவர் கையைத் தட்டிவிட்டாள். ஆனால் சிரித்தாள்.

அப்புறம் அர்ச்சனைக்கு உள்ளே போனார்கள். முழங்கால் வலியால் நான் வெளிப் பிராகாரத்தில் பெரிய நந்திக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். டெல்மர் பேருக்கு அர்ச்சனை நடந்தது. மந்திரத்துக்கு நடுவே அந்த அமெரிக்கப் பெயர் வழுக்கிக்கொண்டு போனதை அங்கிருந்தே காதால் கேட்டேன். நடுவில் இருந்த கோபுரங்களும் கூட்டமும் என் காதுக்கு ஒரு பொருட்டே இல்லை.

கல்யாணத்தில் மொட்டைத் தலையும் பட்டுச்சேலையுமாக மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். "திருப்பதியா?" என்று கேட்டார்கள். "இங்கதான்" என்றாள். "என்ன வேண்டுதல்?" "ஒருத்தவங்க பாட்டு அவங்க பேருக்கே வந்துச்சு." கேட்டவர்கள் ஏதோ கோர்ட்டு விவகாரம் என்று தலையாட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

இப்போது முடி கிராப்பு அளவுக்கு வளர்ந்திருக்கிறது. சக்கரத்தில் மாட்டிக்கொள்ளப் பின்னல் இல்லாததால் மெஷின் இன்னும் வேகமாக ஓடுகிறது. அகல் ஜாக்கெட் கடைக்குத்தான் போகிறது, லேபிளும் கடையுடையதுதான். ஆனால் கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம், பிரித்தால்தான் தெரிகிற இடத்தில், சிவப்பு நூலில் 'உ' என்று ஒரு சின்ன எழுத்தை ஓட்டிவிட்டுத்தான் லேபிளை வைக்கிறாள்.

இதையெல்லாம் எழுதி முடித்து, இன்று காலை அவள் மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் மிதிபலகை நின்றது.

"டீச்சர், மலை ஆடினது, கொக்கு திண்டிவனம் போனதுலாம் இருந்துட்டுப் போவட்டும், அது உங்க வாயி. அர்ச்சனைய மட்டும் மாத்திடுங்க. டெல்மர் பேருக்கா பண்ணேன்? லூலா மே ஹாக்கின்ஸ்னு முழுப் பேரும் சொன்னேன். குருக்கள் ஒரு தபா தடுமாறினாரு, மறுபடி கேட்டு சரியாச் சொன்னாரு. நட்சத்திரம் தெரியாது, சாமி நட்சத்திரமே வெச்சிக்கங்கன்னேன். கடைசில நீங்களும் அவன் பேரையே போட்டுட்டீங்களே."